நடந்ததைச் சொல்லப் பத்து நாள்

எலும்பு வெட்டுகிறவனுக்கு ஸ்பானிஷ் வந்துவிட்டதாம், அதுவும் நடந்து முடிந்ததைச் சொல்லும் ஸ்பானிஷாம் என்று குளிர்கிடங்கில் யாரோ சொல்ல, லாரிக்காரன் கேட்டுப் பரப்ப, கடைசியில் மேஸ்திரி காதுக்கே போய்விட்டது.

வந்தது உண்மைதான். பத்து நாளைக்கு முன் மேஸ்திரி இறைச்சிக் கொக்கியால் எலும்பு வெட்டுகிறவனின் மச்சினன் மண்டையைப் பிளந்ததைக் கண்ணால் கண்டவன் அவன் ஒருவனே. மச்சினன் இன்னும் கண் திறக்கவில்லை. இறைச்சி ஆலை விசாரணைக்கு வைத்திருந்த மொழிபெயர்ப்பாளன் மேஸ்திரியின் மருமகன். 'அடித்தான்' என்றால் 'வழுக்கி விழுந்தான்' என்று மாற்றிவிடக்கூடியவன். அதனால் விசாரணை அதிகாரி, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தானே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதாகச் சொன்னார். அந்த ஊர் மொழியான ஸ்பானிஷில்தான்.

மனைவி சலவைக்கடையில் எட்டு வருஷமாக அந்த மொழியோடு மல்லுக்கட்டியவள். "வினைச்சொல் 'அர்'னு முடிஞ்சா வாலை நறுக்கிடுங்க. நான்னா 'ஏ', நீன்னா 'ஆஸ்தே', அவன்னா 'ஓ'. 'எர்', 'இர்'னா 'ஈ', 'இஸ்தே', 'இயோ'. வெட்டுறதுதானே உங்க தொழில்?"

"வெட்டத் தெரியும். ஒட்டுறதுதான்டி வரமாட்டேங்குது."

வரவைத்தான். ஆலையில் கத்தி இறங்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வினை என்று வாய்விட்டே சொன்னான். அங்கேதான் பிசகினான்.

வெள்ளிக்கிழமை மதியம் மேஸ்திரி பின்னாலிருந்து வந்து அவன் கழுத்தை எஃகு மேசையோடு அழுத்தினான்.

"என்னடா பாத்தே? சொல்லு, கேப்போம்."

கன்னத்தில் மாட்டுக்கொழுப்பு பிசுபிசுத்தது. மூச்சு முட்டியது. 'ஒண்ணும் பாக்கல' என்றால் விட்டுவிடுவான் என்று தெரியும்.

"எம்புஹோ," என்றான். 'தள்ளினான்' என்று அர்த்தம். கூடம் முழுக்க வெட்டும் கத்திகள் நின்றன. "கோல்பெயோ." 'அடித்தான்.' "ரொம்பியோ—"

'உடைத்தான்' என்பதை முடிக்குமுன் கொக்கியின் பிடி வாயில் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலு பேர் சேர்ந்து மேஸ்திரியை இழுப்பதற்குள் இரண்டு பல் மேசைமேல் எலும்புத் துணுக்குகளோடு கிடந்தது.

வீட்டில் மனைவி ஐஸ் கட்டியை அவன் உதட்டில் வைத்து அழுத்தினாள். துணி சிவந்துகொண்டே வந்தது. நாலு அடித்ததும் தொலைபேசி அலறியது. அவள் பாய்ந்து அதைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எடுக்காதீங்க. என் தம்பி படுத்துக் கிடக்கறது போதும். உங்களைக் கொன்னே போட்டுடுவான்."

அவன் வாயிலிருந்த ரத்தத்தைத் தொட்டியில் துப்பினான். நாக்கால் ஈறைத் தடவி, 'கோல்பெயோ' என்று சொல்லிப் பார்த்தான். காற்றுதான் வந்தது. மறுபடி சொன்னான். கொஞ்சம் வந்தது.

பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்க ஆரம்பித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.