பேச்சுத் திறனுக்கு நான் போட்ட மதிப்பெண்

நான்கு வருடங்களுக்கு முன் நடந்தது இது. கோலாலம்பூரை ஒட்டிய ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான் பொருளாதார விரிவுரையாளர். பாடம் நடத்துவதோடு, மாணவர்கள் எந்தெந்தத் திறனை அடைந்தார்கள் என்று அளந்து பருவந்தோறும் அறிக்கை கொடுப்பதும் என் பொறுப்பு. ஆய்வுத் திறன், பேச்சுத் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கு உண்டு. முந்தைய பருவத்தில் பேச்சுத் திறன் இலக்கைத் தொடவில்லை. கூட்டத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த பருவத்து வகுப்பில் ரவாங்கிலிருந்து ரயிலில் வந்துபோகும் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். அவளுக்குத் திக்குவாய். வகுப்பு முன் நின்று பேசும் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு என் அறைக்கு வந்தாள்.

"மேடம், நான் இங்க உங்ககிட்ட மட்டும் பேசட்டுமா? கிளாஸ் முன்னாடி நின்னா வார்த்தை வராது."

இதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

"எல்லாருக்கும் ஒரே ரூல்தான் லா. உனக்கு மட்டும் மாத்தினா மத்தவங்க கேப்பாங்க," என்றேன். நியாயமாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன்.

கோழி விலை ஏறியதைச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது அவள் தலைப்பு. 'பிரைஸ்' என்ற முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டாள். உதடு துடித்தது; சத்தம் வரவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் அதட்டியிருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்ததும் இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு, "நெக்ஸ்ட்" என்றேன்.

மறுவாரம் அவள் வரவில்லை. படிப்பையே விட்டுவிட்டாள் என்று பிறகு அலுவலகத்தில் சொன்னார்கள். விலகியவர்களை அறிக்கையில் சேர்ப்பதில்லை. அவள் பெயரை எடுத்ததும் பேச்சுத் திறன் இலக்கைத் தொட்டுவிட்டது. துறைத் தலைவர் பாராட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விடுமுறையில் கோப்புகளை அடுக்கும்போது அதே தலைப்பில் அவள் எழுதிக் கொடுத்த ஆய்வறிக்கை கையில் கிடைத்தது. அதைத் திருத்தியவர் வேறொருவர். நான் படித்ததே இல்லை. ரவாங் பாசாரில், அதாவது சந்தையில், கடை கடையாக ஏறி, மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பலரிடமும் பேசியிருந்தாள். கோழித் துண்டைச் சிறிதாக வெட்டி, மேலே குழம்பை அதிகமாக ஊற்றி மறைத்ததைக்கூட ஒரு கடைக்கார அக்கா அவளிடம் மனம்விட்டுச் சொல்லியிருந்தார். பக்கம் பக்கமாக உரையாடல். முன்பின் தெரியாதவர்களை என்னால் அப்படிப் பேசவைக்க முடியாது.

அவள் வீட்டுக்கு போன் செய்து, ரவாங் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் போய்ச் சந்தித்தேன். ஃபேக்டரி சீருடையில் வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வா, எல்லா ஏற்பாடும் நானே செய்கிறேன் என்றேன்.

"பரவால்ல மேடம். நீங்க போட்ட மார்க் சரிதானே? நான் அன்னிக்குப் பேசவே இல்லையே."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலைக்கு நேரமாச்சு என்று எழுந்து போனவள், கடைசிவரை படிக்கத் திரும்பி வரவில்லை.

இப்போது என் மாணவர்கள் விருப்பப்படி வகுப்பு முன்னாலும் பேசலாம், என் அறையில் தனியாகவும் பேசலாம். மேலிடத்தில் சண்டை போட்டு வாங்கிய மாற்றம் அது. அவள் கதவைத் தட்டிக் கேட்ட அன்று, "சரி, உட்காரு, சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்காது என்பதுதான் இன்றைக்கும் என்னைக் குத்திக்கொண்டிருக்கிறது.