மாமா வைத்த நடைப்போட்டி

செருப்பு வாங்கினால் வலது காலுக்கானதில் ஓர் அட்டை கூடுதலாக வைத்துத் தைக்கச் சொல்வேன். ஏன் என்று கேட்பவர்களிடம் சின்ன வயதில் வண்டி மோதிவிட்டது என்பேன். எந்த ரோட்டில் என்று கேட்பார்கள். ரோடே கிடையாது, மணல்மேட்டில் என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே நாள் முழுக்க நடந்து வேலை பார்க்கிறேன். கூட வருகிறவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும்.

எங்கள் ஊர் மணப்பாட்டுத் திருவிழாக் கூட்டத்தை நம்பி யாரோ ஒருவர் கடற்கரையில் நாலு சக்கர பைக்குகளை வாடகைக்கு விட்டிருந்தார். மணலில் ஓடுகிற தடித்த டயர் வண்டிகள். கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா அப்போது விடுமுறையில் வந்திருந்தார். ஊரையே சிரிக்கவைக்கிற ஆள். எட்டு வயதுப் பிள்ளையான என்னை முன்னால் உட்காரவைத்து, மணல்மேட்டின் உச்சிக்கு வண்டியை விரட்டினார். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு பைக்கும் அதே வேகத்தில் ஏறி வந்தது. இரண்டும் உச்சியில் முட்டிக்கொண்டன. மாமாவுக்கு வெறும் சிராய்ப்பு. எனக்கு வலது முழங்காலை ஒட்டி எலும்பு முறிந்துவிட்டது.

மாவுக்கட்டைப் பிரித்த அன்றே எழுந்து நடந்தேன். அம்மா அதைப் புதுமை, ஆண்டவர் செய்த அற்புதம் என்றே சொன்னாள். வளர்கிற பிள்ளை, வளர்ந்து முடிகிறவரை அவ்வப்போது கூட்டிவந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு, நேரே நகைக்கடைக்குப் போய் வெள்ளியில் ஒரு சின்னக் கால் வாங்கினாள். அதைக் கோவிலில் காணிக்கை வைத்து, பாதிரியாரிடம் சொல்லி நன்றிப் பூசையும் கொடுத்தாயிற்று. எங்கள் ஊரில் அதோடு விஷயம் முடிந்தது. குணமாகிவிட்டது என்று ஆண்டவருக்கு நன்றி சொன்ன பிறகு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனால் அதற்கு என்ன அர்த்தம்? மாமாவையும் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் கப்பலுக்குத் திரும்பிப் போனார்.

நான் வளர்ந்தேன். பாவாடை மட்டும் வலது பக்கம் எப்போதும் இறங்கியே நின்றது. கத்திரி பிடிக்கத் தெரியாதவன் என்று அம்மா தையல்காரரைத் திட்டித் தீர்த்தாள். தினமும் என்னைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு என் நடை அப்படித்தான் என்று ஆகிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து அடுத்த விடுமுறைக்கு மாமா வந்தபோது, வழக்கம்போல் தூக்கிச் சுற்றுவார் என்று தெருமுனைக்கே ஓடினேன். அவர் தூக்கவில்லை. நான் ஓடி வந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்.

"ஏளா, ஈர மண்ணுல நட பாப்போம். நல்லா நடந்தா மக்ரூன்."

வாயில் வைத்ததும் கரைகிற முந்திரி இனிப்பாயிற்றே, மக்ரூன் என்றால் விடுவேனா? காலை அளந்து அளந்து வைத்து, அணிவகுப்பில் போகிற போலீஸ்காரர் மாதிரி நடந்து காட்டினேன். மாமா குனிந்து தடத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இப்படி இல்லளா. சும்மா கடைக்குப் போற மாதிரி நட."

"அப்ப மக்ரூன்?"

"எப்படி நடந்தாலும் மக்ரூன்தான்."

தோற்கவே முடியாத போட்டியை வைக்கிற மாமா யாருக்குக் கிடைப்பார்! இஷ்டத்துக்கு நடந்தேன். இடது பாதம் முழுசாக விழுந்தது. வலது பாதத்தில் விரல் பக்கம் மட்டும்தான் பதிந்தது. மாமா அந்தத் தடங்களுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். அலை வந்து அழித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அதற்குள் நான் பாதி மக்ரூனைத் தின்று முடித்திருந்தேன்.

அன்று குசினியில், அடுப்புக்கு முன்னாலேயே பெரிய சண்டை.

"அக்கா, பிள்ளைக்கு ஒரு கால் குட்டையா இருக்கு. டாக்டர்கிட்ட காட்டணும்."

"வாய மூடுல! காணிக்கை வச்சு, பூசை குடுத்திருக்கேன். இப்பப் போயி கால் சரியில்லன்னு சொன்னா, ஆண்டவர அவமானப்படுத்துத மாதிரி இல்லையா?"

"அவரு கோவிச்சுக்கிட மாட்டாருக்கா."

"அவருகிட்ட கேட்டுட்டு வாரியோ?"

எங்கள் வீட்டில் அம்மாவோடு பேசி ஜெயித்தவர் கிடையாது. மாமா வேறு வழி பார்த்தார். மறுநாள் காலை, தூத்துக்குடிக்குப் பெரிய கப்பல் ஒன்று வந்திருக்கிறது, பிள்ளைக்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி என்னை பஸ் ஏற்றினார். கப்பலைப் பார்க்கத் திருவிழாக் கவுனைப் போட்டுக்கொண்டு போன என்னை, அழ அழ எக்ஸ்ரே மேசையில் படுக்கவைத்தார்கள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். எலும்பு வளர்கிற இடத்தில் அடிபட்டிருக்கிறது. அங்கே ஒரு பக்கம் வளர்ச்சி நின்றுவிட்டது. இடது கால் வளர வளர, வலது கால் பின்தங்கிக்கொண்டே போகும். வளர்ந்து முடிவதற்குள் கூட்டி வந்தீர்களே, அதுவே பெரிய விஷயம் என்றார். முந்தி ஓடுகிற காலின் வளர்ச்சியைச் சற்று நிறுத்திவைத்துப் பிந்திய காலுக்காகக் காத்திருப்பதுதான் வைத்தியம். பிற்பாடு சின்ன ஆபரேஷன் ஒன்றில் அதைச் செய்தார்கள். ஆண்டவர்தான் தம்பியைக் கப்பலிலிருந்து இறக்கி அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டு அம்மாவும் கூடவே வந்தாள். கொஞ்சம் குறை மிச்சமிருக்கிறது. மழை வருவதற்கு முன்னால் முழங்கால் குடையும், படி இறங்கினால் முனகும். முனகட்டும், நான் நிற்பதில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. கப்பல் எங்கே என்ற ஒரே கேள்விதான். டாக்டரம்மா பேனாவை எடுத்து மாமாவிடம் கேட்டார்.

"பிள்ளைக்கு வயசு என்ன?"

"நான்தான் டாக்டர் வண்டிய ஓட்டுனேன்" என்றார் மாமா.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, என் வயசத்தான் கேக்காங்க."

"நான்தான் ஓட்டுனேன்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து விரித்து முகத்தை மூடிக்கொண்டார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உட்காருங்கள் என்று நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊருக்கே தெரிந்த விஷயத்தை, யாருமே கேட்காதபோது, முன்பின் பழக்கமில்லாத டாக்டரிடம் போய் எதற்குச் சொல்ல வேண்டும்? இந்த மாமாவை நம்பிப் பிரயோஜனமில்லை என்று, "பத்து வயசு" என்று நானே சத்தமாகச் சொன்னேன்.