தலையாட்டியதை நம்பினேன்

திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் எட்டு வருஷம் அரம் பிடித்தவன் நான். பிரசவத்துக்குப் பின் மனைவி எழ முடியாமல் கிடந்தபோது, "முதலாளி, பத்து நாளைக்கு வீட்லயே பூட்டை ராவிக் கொண்டாறேன்" என்று கேட்டேன். வெற்றிலையை மென்றபடி தலையாட்டினார். நம்பினேன்.

பதினோராம் நாள் பூட்டுகளைச் சாக்கில் தூக்கிப் போனால், "ஏலே, யாரைக் கேட்டு வீட்ல உக்காந்த? உன் இடத்துக்கு ஆள் வந்தாச்சு" என்றார். கைக்குழந்தையோடு பட்ட பாட்டை எழுத இந்தப் பக்கம் காணாது.

மூன்று மாதம் கழித்து, அவர் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் நகைப்பெட்டிச் சாவி தொலைந்தது. கல்யாண வீட்டில் பெட்டியை உடைப்பது ஆகாது. அந்தப் பூட்டைச் செய்தவன் நான். "அப்பு, செத்த நேரம் வந்துட்டுப் போ" என்று ஆளனுப்பினார்.

"நான் வீட்ல மட்டும்தான் வேலை பாப்பேன்னு சொல்லு" என்றேன்.

பெட்டியைக் குதிரைவண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது.

"மொதல்ல எழுதிக் குடுங்க முதலாளி, இந்த வேலையை நான் வீட்ல செய்ய உங்களுக்குச் சம்மதம்னு."

எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகுதான் மாற்றுச் சாவி ராவ அரத்தைத் தொட்டேன்.

இப்போதெல்லாம் சம்மதச் சீட்டு வாங்காமல் யார் வேலையையும் வீட்டுக்கு எடுத்து வருவதில்லை. எப்படி எழுதுவது என்று கேட்கும் முதலாளிகளுக்கு, மாதிரிக்கு அவர் சீட்டைத்தான் காட்டுகிறேன்.