புளிச்சோற்றுத் தூக்குவாளி

எழுபதுகளின் கடைசியில் என் தங்கையை மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்கு ஏழாம் மாதம். கட்டுச்சோறு கொண்டுபோய்க் கொடுத்து, பிள்ளைப்பேற்றுக்குப் போடிக்கு அழைத்து வர வேண்டும். அந்த மாதத்தில் கடைசி நல்ல நாள் ஒரு வியாழக்கிழமை. அடுத்த மாதம் எட்டு; எட்டில் பயணம் கூடாது. ஒன்பதில் அந்த மலைப்பாதையில் குலுங்கி இறங்க யாருக்குத் தைரியம் வரும்? வியாழன் மதியம் ராகு காலம் பிறக்கும் முன் அவள் புகுந்த வீட்டுப் படி இறங்கியாக வேண்டும். விட்டால், டாக்டரே இல்லாத தோட்டத்தில்தான் பிரசவம். அம்மா அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை.

வாடகை ஜீப்பு விடியும்போதே வாசலுக்கு வந்துவிட்டது. பின்னால் ஏழு தூக்குவாளிகளில் ஏழு வகைச் சோறு. மூடி ஆடாமல் இருக்க ஒவ்வொன்றையும் சைக்கிள் டியூபை வார் வாராகக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தோம். கடைசி வாளிக்கு இடமில்லை. மூலையில் டிரைவரின் தண்ணீர் கேன் உட்கார்ந்திருந்தது.

"இத எறக்கி வைப்பா தம்பி," என்றாள் அம்மா.

"யக்கா, மலை ஏறுற வண்டிக்கு அது வேணும்."

"மலை பூராவும் தண்ணி தான ஓடுது? சோத்த எங்க வைக்க, ஒன் தலையிலயா?"

கேன் எங்கள் வாசலில் இறங்கியது.

பாதி மலை ஏறியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப்பின் மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. டிரைவர் ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஓஸ், கிளிப்பு போட்ட இடத்தில் வாய் பிளந்து வெந்நீரைத் துப்பிக்கொண்டிருந்தது. நான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்டினேன்.

"தொடாதீக அண்ணே! மூஞ்சி வெந்துரும். மொதல்ல சூடு ஆறட்டும்."

"ஆறுனா ஓடுமா?" அம்மாவின் குரலே மாறிவிட்டது.

"ஓஸு கெடக்கட்டும் யக்கா, அது நிமிசச் சோலி. தண்ணிதான் வேணும். ஊத்து அந்தா கீழ தெரியுது. எதுல மோந்துட்டு வர?"

எல்லாரும் தூக்குவாளிகளைப் பார்த்தோம். அம்மா மட்டும் ரோட்டைப் பார்த்தாள்.

"பெருசா ஒன்னு காலியாச்சுன்னா போதும்," என்றார் டிரைவர். பெரியது புளிச்சோற்று வாளி. தங்கைக்கு அதுதான் உயிர் என்பதால் அதை மட்டும் அம்மா இரட்டிப்பாகக் கிண்டியிருந்தாள்.

எங்கள் கூட்டத்தில் வாய் ஓயாதவள் என் அத்தை. "ஒன்னு காலியானா மிச்சம் ஆறாயிரும்டி. ரெட்டப்படையில கட்டுச்சோறு கொண்டு போனா சம்பந்தியம்மா வாசல்லயே நிப்பாட்டிரும். தயிர்ச்சோத்தையும் எறக்குங்க. அஞ்சு ஒத்தப்படை. அம்சமா இருக்கும்."

டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என் வண்டிக்கு ஒரு வாளித் தண்ணி போதும் அத்தே!"

"வண்டிக்குப் போதும். சாத்திரத்துக்குப் பத்தாதேப்பா."

இஞ்சின் ஆறுகிற நேரத்தில் நாங்கள் சாலை ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து விருந்து சாப்பிட்டோம். கவலைப்பட வேண்டிய நேரம். ஆனால் அந்தக் குளிர்காற்றில் புளிச்சோறு எப்படி இறங்கியது என்கிறீர்கள்! கீழே இறங்கி வந்த கழுதைக்காரர் ஒருவருக்கும் இலை போட்டோம். இலையை மடித்துக்கொண்டே அவர், "வண்டி இன்னொருக்கா நின்னா சொல்லி விடுங்க," என்றார். அம்மா மட்டும் சாப்பிடவில்லை. ஒரு பிடிப் புளிச்சோற்றை வாழையிலையில் பொட்டலம் கட்டி மடியில் செருகிக்கொண்டாள்.

டிரைவர் கிளிப்பைத் தளர்த்தி ஓஸைப் பிடுங்கினார். கிழிந்த நுனியைக் கத்தியால் வட்டமாக அறுத்துத் தள்ளினார். மீதியை இழுத்துச் செருகியபோது மயிரிழையில்தான் எட்டியது. நான் அழுத்திப் பிடிக்க, வாளியில் கட்டியிருந்த டியூப் வாரை அதன்மேல் இறுகச் சுற்றி, கிளிப்பை மாட்டித் திருகினார். அத்தையும் நானும் ஊற்றுக்கு இறங்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போக மண்ணும் இலையும் போட்டு வாளிகளைத் தேய்த்துத் தண்ணீர் கொண்டுவந்தோம். ஊற்றும்போது ஒற்றைக் கடுகு மிதந்தது.

"பாருடா மாப்ளே," என்றாள் அத்தை, "ஒன் வண்டியும் முழுகாம இருக்கு போல. புளி கேக்குது!"

டிரைவர் கடுகை விரலால் வழித்தெறிந்துவிட்டு, அழுத்தம் ஏறாதபடி மூடியைக் கொஞ்சம் தளர்வாகவே வைத்தார். வண்டி கிளம்பியது. ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு சொட்டு இல்லை. இரண்டாவது வாளித் தண்ணீர் அம்மாவின் மடியில். ஒவ்வொரு வளைவிலும் சேலை நனைந்தது. வாளியை அவள் யாரிடமும் தரவில்லை.

போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். சம்பந்தியம்மா வாளிகளை ஒரு பார்வை பார்த்தார். "அஞ்சுதானா?" அம்மா வாயைத் திறக்குமுன் அத்தை நடந்ததை எல்லாம் கை கால் வைத்துச் சொல்லிவிட்டாள், கழுதைக்காரர் உட்பட. மலையிலேயே இருந்து மலையாளம் ஒட்டிக்கொண்ட நாக்கு சம்பந்தியம்மாவுக்கு. "சாரமில்ல, சாரமில்ல, பரவால்ல," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மணியப் பாருங்க. வெரசா வளையலப் போடுங்க!"

வளையல் ஏறியது, வாய்க்குச் சோறு ஊட்டியாயிற்று, ராகு காலம் பிறக்கும் முன் என் தங்கை படி இறங்கினாள். ஜீப்பின் முன்சீட்டில் அவளை உட்கார வைத்தோம்.

வாசலில் அத்தை சொன்னது உள்ளே இருந்த அவள் காதில் விழவில்லை போல. முதல் வளைவு திரும்பியதும் கேட்டாள்: "ஏன் ஆத்தா, அஞ்சு சோறு வந்துச்சு. புளிச்சோறு எங்க?"

அம்மா மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். வாளித் தண்ணீர் தளும்பி இலையெல்லாம் ஈரம். தங்கை அதை ஒரு பருக்கை விடாமல் தின்று, விரலையும் சப்பிவிட்டு, "கொஞ்சம் தண்ணி குடு," என்றாள்.

"அது வண்டியோட தண்ணி தாயி," என்றார் டிரைவர்.

"மொதல்ல எம்மக குடிக்கட்டும்," என்று அம்மா வாளியைச் சாய்த்தாள். வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.