கவிதா திறந்துவிட்ட தண்ணீர்

அந்த ஊரின் பேரைச் சொல்லப்போவதில்லை. வாழவந்தியைத் தாண்டி, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து கால்மணி நேரம் மேலே ஏறினால் வரும் என்பது போதும். தண்ணீர் கெட்ட ஊர் என்று ஒரு பேர் விழுந்துவிட்டால் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள்.

அங்கே கவிதா அக்காதான் டேங்க் ஆபரேட்டர். காலை ஆறு மணிக்கு வால்வைத் திறப்பார், ஏழரைக்கு மூடுவார். மேலே பாறை இடுக்கில் இருக்கும் ஊற்றிலிருந்து டேங்குக்கு வருகிற தண்ணீர்தான் அறுபது வீட்டுக்கும். உடம்புக்கு முடியாத நாளிலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய்த் திறந்துவிடுவார். கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவதைப் பார்த்த பிறகுதான் தன் வீட்டுக் குடத்தை வைப்பார். பஞ்சாயத்தில் அவரைப் பற்றி ஒரு புகார் கிடையாது. அதை அவரே நாலு தடவை என்னிடம் சொன்னார்.

நான் சனா. ஏற்காடு ஏரிப் பக்கம் மிளகும் காப்பித்தூளும் விற்கும் சையத் இப்ராஹிமின் மகள். எம்.எஸ்ஸி. படிப்பில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்பதால் சேலத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். மலை ஊர்களில் குடிதண்ணீரைச் சோதிப்பதும், கெட்டிருந்தால் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மனுக் கொடுப்பதும் அவர்கள் வேலை. "தண்ணி அழுக்குன்னு சொல்றதுக்கு எம்.எஸ்ஸி. வேணுமா?" என்று அத்தா கேட்டார். எனக்குக் கோபம் மூக்குமேல் வரும். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

சோதனை சுலபம். மருந்துத் தாள் போட்ட சின்னக் குப்பியில் தண்ணீரை ஊற்றி வைத்தால், மலக்கிருமி இருக்கும் தண்ணீர் ஓரிரு நாளில் கறுத்துவிடும். குழாயிலிருந்து நேராகப் பிடிக்க வேண்டும் என்று நிறுவனத்தில் எனக்கு மேலே இருந்த செபாஸ்டின் சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் என் பஸ் அங்கே போய்ச் சேர எட்டரை ஆகிவிடும். முதல்நாளே போய்த் தங்க எனக்குச் சோம்பல். எட்டு வீடுகளில் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் சொம்பைத் துலக்கிக்கொண்டு வந்து, "உக்காருங்க கண்ணு" என்று பாய் போட்டு, தண்ணீர் ஊற்றித் தந்தார்கள். இரண்டு நாள் கழித்தும் எட்டுக் குப்பியும் பளிச்சென்று இருந்தன. 'குடிக்க உகந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பஞ்சாயத்திலும் கொடுத்தேன். என் வாழ்க்கையின் முதல் அறிக்கை அது. கைப்பேசியில் படமெடுத்து அத்தாவுக்கு அனுப்பினேன்.

அந்த அறிக்கையை என்னைவிட ஆசையாக எடுத்துக்கொண்டவர் ஒருவர் இருந்தார். ஊற்றுக்கு மேலே காட்டேஜ் கட்டிச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் முதலாளி. இன்னும் பத்து அறை கட்டப் போகிறார், அதற்கு ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். மார்ச் இருபத்திரண்டு, தண்ணீர் தினத்து கிராம சபையில் என் அறிக்கையைக் காட்டித் தீர்மானம் கேட்கப் போவதாகப் பேச்சு வந்தது.

சபைக்கு மூன்று நாள் முன்பு கவிதா அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அமுதாவின் பையன் மஞ்சள்காமாலையில் சேலம் பெரியாஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தான். ஐப்பசி மழையிலிருந்தே ஊரில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஓயவில்லை என்றார்கள்.

"தண்ணி நல்லாத்தானேக்கா இருக்கு. எட்டு வீட்டுலயும் எடுத்தேனே?" என்றேன்.

கவிதா அக்கா சிரித்தார். "ஏனுங்க கண்ணு, டவுன்ல இருந்து வந்த புள்ளைக்குப் பச்சத்தண்ணியா ஊத்துவாங்க? உங்களுக்குச் சேராதுன்னு காய்ச்சி ஆற வெச்சதத்தான் எல்லாரும் குடுத்தோம்."

விருந்தாளிக்கு வைத்த தண்ணீரைச் சோதித்துவிட்டு ஊருக்கே நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அன்று அங்கேயே தங்கி, விடிந்ததும் குழாயில் நேராகப் பிடித்தேன். மறுநாள் காலைக்குள் எட்டுக் குப்பியும் அடுப்புக்கரியாகக் கறுத்துவிட்டன. குப்பிகளைப் பார்த்ததும் அக்காவின் சிரிப்பு போய்விட்டது.

உடனே இருவரும் குழாய் போகிற வழியிலேயே ஊற்றை நோக்கி மேலே ஏறினோம். காட்டேஜின் கழிவுக்குழி நிரம்பி, மண்ணுக்கடியில் கசிந்து, சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே ஒரு கறுப்புக் கோடாக வந்து ஊற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்றத்தில் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். அக்கா என்னைப் பார்க்காமல், "எங்க ஊட்டுக்காரரு இங்கதான் வாட்ச்மேனு" என்றார்.

அந்த ஜீவானந்தம் அண்ணனைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் நல்ல அபிப்பிராயம். குடிக்க மாட்டார். கவிதா அக்கா வால்வைத் திறக்கப் போயிருக்கும் நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்து, மகள் சிவசக்திக்குத் தண்ணீர் காய்ச்சி, ஆற்றி, பள்ளிக்கூடப் பாட்டிலில் ஊற்றி வைப்பார். "எந்த ஆம்பளைங்க இப்படிச் செய்வாங்க?" என்று அக்கா என்னிடம் பெருமைப்பட்டதுண்டு. ஊர்ப் பிள்ளைகளில் ஒரு நாளும் நோயில் படுக்காதவள் சிவசக்திதான்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். அக்கா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, அந்தக் குழி ஒழுகறது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பொய் சொல்லவில்லை. "மழையப்பவே தெரியும். மொதலாளி சரி பண்ணீர்றேன்னாரு. இன்னிக்கு நாளைக்குன்னே போயிருச்சு."

"அதுக்குத்தான் பாப்பாவுக்குக் காய்ச்சினீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. "நாளைக்குச் சபையில நீ கம்முனு இரு கவிதா. வேலை போயிருச்சுன்னா எங்க போறது?"

அக்கா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். நான் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது, ஆனால் எழுந்து போகவும் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூட வராந்தாவில் சபை கூடியது. என் அறிக்கை தப்பு, காய்ச்சின தண்ணீரைச் சோதித்துவிட்டேன் என்று எழுந்து சொன்னேன். முதலாளி சிரித்தார். "நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. படிக்கற புள்ள, போகட்டும். காய்ச்சின தண்ணி குடுத்தேன்னு இங்க யாராச்சும் சொல்லட்டும் பாப்போம்?"

எட்டு வீட்டுப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். சொன்னால் ஊர்த் தண்ணீர் கெட்டது என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகும். அப்போது கவிதா அக்கா எழுந்தார்.

"நான் குடுத்தனுங்க. காய்ச்சினதுதான் குடுத்தேன். அந்தக் குழி ஒழுகித்தான் ஊத்து கெட்டுப்போச்சு, நேத்து என் கண்ணாலயே பாத்தேன்."

"உம் புருசன் எங்கிட்டத்தானே வேலை பாக்கறான்?" என்றார் முதலாளி.

"ஆமாங்க. அவருக்கும் தெரியுமுங்க. எங்க பாப்பாவுக்கு மட்டும் காய்ச்சிக் குடுத்தாரு. அஞ்சு மாசமா உங்க எல்லாத்துக்கும் அந்தத் தண்ணியத் தொறந்துவிட்டது நாந்தானுங்க. அமுதாக்கா பையன் குடிச்சதும் நான் தொறந்துவிட்டதுதான்."

பஞ்சாயத்துத் தலைவர் பின்வரிசைப் பக்கம் திரும்பினார். "ஏப்பா ஜீவானந்தம், நெசமா?"

அவர் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "நெசந்தானுங்க" என்றார்.

அமுதா சபையை விட்டு எழுந்து போனார். யாரும் தடுக்கவில்லை. எனக்குத் தண்ணீர் தந்த மற்ற ஏழு வீட்டுப் பெண்களும் ஒவ்வொருவராக, நானும் காய்ச்சினதுதான் குடுத்தேன் என்றார்கள். பத்து அறைக்கு அனுமதி இல்லை, குழியை மூட வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். ஊற்று சுத்தமாகும்வரை டிராக்டரில் தண்ணீர் வர ஏற்பாடானது. மறுநாளே அண்ணனுக்கு வேலை போயிற்று. இப்போது ஒரு காப்பி எஸ்டேட்டில் கூலிக்குப் போகிறார்.

என் இன்டர்ன்ஷிப் முடிந்த அன்று சொல்லிக்கொண்டு வரப் போனேன். கவிதா அக்கா டேங்கடியில் உட்கார்ந்திருந்தார். வால்வு மூடியிருந்தது. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவரு கெட்டவரு இல்லீங்க கண்ணு. பயந்துட்டாரு, அவ்வளவுதான். வேலை போனதுக்கு எம்மேல ஒரு வார்த்தை கோவிக்கல. இப்ப எனக்கும் சேத்துத் தண்ணி காய்ச்சி வெக்கறாரு." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நான் எழுந்தேன். அவரும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "அந்தத் தண்ணிய என்னால குடிக்க முடியலீங்க. அமுதாக்கா ஊட்டுல போயி, அவங்க குடிக்கறதையே வாங்கிக் குடிச்சுட்டு வர்றேன்."