தாளின் பின்பக்கம்

கார்த்திகேசு எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி. கோலா சிலாங்கூரிலிருந்து வரும் பஸ்ஸில் சீட்டின் நுனியில் உட்காருவார். சட்டை கசங்கக் கூடாது. மலாயாவின் அவசரகாலத்தில், 1951-இல், கிள்ளானில் கணக்குப் பரீட்சை எழுதக் கிளம்பியவரைச் சாலைத் தடுப்பில் நிறுத்தினார்கள். நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன்.

சோதனை அரிசிக்காகத்தான். காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் உணவு கொண்டுபோகக் கூடாது. ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வீரன் எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை. கார்த்திகேசுவின் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தான்.

"அரிசி இருக்கும்னு பார்த்தா, கிராணி ஐயா ஆத்தையே மடிச்சி வச்சிருக்காரு லா."

தாளில் வளைந்தோடும் ஓர் அலை. அதன்மேல் நிமிர்ந்த கிண்ணம் ஒன்று, கீழே கவிழ்ந்த கிண்ணம் ஒன்று. இரண்டுக்கும் பக்கத்தில் விட்டுவிட்டுப் போட்ட நெட்டுக்கோடுகள். வெயில் ஊடுருவியதும் பின்பக்கத்தில் தோட்டத்தின் பழைய வரைபடம் தெரிந்தது. ஒரு பக்கம் எழுதிய தாளை வீசக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். அந்த வரைபடத்தின் கட்டங்கள் பின்னாலும் லேசாகத் தெரிந்ததால் கார்த்திகேசு அதன் மறுபக்கத்தில் கணக்குப் பழகியிருந்தார். நெட்டுக்கோடுகள் இப்போது முள்வேலி போலவும், கிண்ணங்கள் ஆள் ஒளியும் இடங்கள் போலவும் தெரிந்தன.

மலாய் இன்ஸ்பெக்டர் வந்தார். காட்டுக்கு வரைபடம் கடத்தியவன் என்று முடிவானால் விசாரணையே இல்லாமல் அடைத்துவிடலாம். அப்படிப் போன ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை.

"இது கணக்கு, ஐயா. கொசீகண்ட், ஒன்றை சைனால் வகுத்தால் வருவது. வேறு எண் சொல்லுங்கள், மாற்றிப் போடுகிறேன். வரைபடமென்றால் இடத்தை அப்படி மாற்ற முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் கார்த்திகேசு.

இன்ஸ்பெக்டர் வெற்றுத்தாள் ஒன்றை ஜீப்பின் மேல் வைத்து, கோணத்தை இரண்டால் பெருக்கிப் போடச் சொன்னார்.

கார்த்திகேசு சைன் அலையை முதலில் வரைந்தார். அதே நீளத்துக்குள் இப்போது இரண்டு அலைகள். பிறகு கை பழக்கத்தில், முன்பு போலவே தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலுமாக மூன்று நெட்டுக்கோடுகள் போட்டு, அகலமான கிண்ணத்தை இழுக்கத் தொடங்கினார். பென்சில் நின்றது. இன்ஸ்பெக்டர் இடுப்பில் கைவைத்து, மனப்பாடம் செய்த படமா என்று கேட்டார்.

வீரன் சிரிக்கவில்லை. "ஐயா, மெதுவா போடுங்க," என்றான்.

கார்த்திகேசு அலையின்மேல் விரல் ஓட்டினார். அலை கிடைக்கோட்டைத் தொடும் இடத்தில் சைன் பூஜ்யம். ஒன்றைப் பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அங்கே வளைகோடு நெட்டுக்கோட்டை ஒட்டி மேலேயோ கீழேயோ போய்க்கொண்டே இருக்கும், கடக்காது. அந்த இடங்கள் இப்போது ஐந்து. விட்டுப்போன இரண்டு கோடுகளைப் போட்டார். தவறான கிண்ணத்தை அடித்துவிட்டு, பாதி அகலத்தில் நான்கு வரைந்தார். நிமிர்ந்தது, கவிழ்ந்தது, நிமிர்ந்தது, கவிழ்ந்தது. ஒவ்வொன்றும் அலையின் உச்சியையோ பள்ளத்தையோ தொட்டு நின்றது.

இன்ஸ்பெக்டர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். எண்ணை மாற்றியதும் இரட்டிப்பாகிற காட்டு முகாமை அவர் கண்டதில்லை போலும். வரைபடமுள்ள தாளைத் தானே வைத்துக்கொண்டு, புதியதை நீட்டி, பஸ்ஸில் ஏறச் சொன்னார்.

கார்த்திகேசு பரீட்சையில் தேறினார். பிற்காலத்தில் அவரே பெரிய கிராணி ஆனார். யாரிடம் எந்தத் தாளைக் கொடுத்தாலும், முதலில் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார்.