மாலத்தீவுக்குப் போன மாசி

விஜிலாவின் வாயிலிருந்து வராத வார்த்தை ஒன்று உண்டு. "தப்பாப் போச்சு" என்பதுதான் அது. அடுத்தவர்கள் சொன்னால் தாராளமாகக் கேட்டுக்கொள்வாள். அவள் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. திரேஸ்புரத்தில் அவள் தெருவிலிருந்து யார் நெடும்பயணம் கிளம்பினாலும், வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களானாலும் மும்பைக்கு ரயிலேறுகிறவர்களானாலும், என்ன கட்டிக்கொண்டு போவது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போகமாட்டார்கள். அவள் கட்டிக்கொடுத்த புளிச்சோறு மறுநாள் மாலையிலும் கெடாது. அதில் அவளுக்குப் பெருமைதான். இருக்கட்டுமே, சும்மா வந்த பெருமையா?

அவள் கணவர் பர்னபாஸ் தோணித் தண்டல். தோணி என்றதும் சின்னப் படகு என்று நினைத்துவிட வேண்டாம். வெங்காயமும் காய்கறியும் கல்லும் ஏற்றிக்கொண்டு பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குப் போய்வரும் பெரிய மரக்கலம் அது. அதை நடத்திப் போகிற தலைவர்தான் தண்டல். போக நாலு நாள், வர நாலு நாள், நடுவில் சரக்கு இறக்கக் காத்துக் கிடப்பது இரண்டு வாரம், சில சமயம் மூன்று. முப்பது வருஷமாக அவருக்கு அதுதான் வாழ்க்கை. கரையில் பத்து நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் மனுஷனுக்குத் தூக்கம் வராது.

அவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. விஜிலா சும்மா இருப்பாளா? போன அக்டோபர் பயணத்துக்கு வெள்ளைச் சீனியை வீட்டு வாசலில் ஏறவிடாமல், நல்ல உடன்குடிக் கருப்பட்டியில் பொரிவிளங்காய் உருண்டை பிடித்து இரண்டு டின் நிறைய அனுப்பினாள். கூழுக்குக் கேழ்வரகு மாவும் உண்டு. பசிக்கிறபோதெல்லாம் பயமில்லாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தாள். அவர் பொண்டாட்டி பேச்சைத் தட்டாத ஆள். பயமில்லாமல் சாப்பிட்டார். திரும்பி வரும்போது கண் மங்கி, கரை விளக்கு ஒன்று அவருக்கு இரண்டாகத் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி ஆறு. இன்னும் மூன்று மாதத்தில் எட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோணி முதலாளிக்குச் சேதி போனது. அவர் கெட்டவர் இல்லை. ஊசி போடுகிறவரை நடுக்கடலுக்கு அனுப்பத் தனக்கு மனசு கேட்காது, அப்படி ஆனால் பர்னபாஸ் கரையில் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் மேற்பார்வை பார்க்கட்டும் என்றார். பர்னபாஸைக் கடலிலிருந்து பிரித்துக் கிட்டங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் என்ன ஆவார் என்று விஜிலாவுக்குத் தெரியும்.

சாப்பாட்டு ஆலோசனை சொல்ல ஆஸ்பத்திரியில் ஷீஜா என்றொரு பெண் இருந்தாள். கடலில் என்ன சாப்பிடுகிறார் என்று அவள் கேட்க, விஜிலா நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். கருப்பட்டி என்று வந்த இடத்தில் குரலே ஒரு படி ஏறியது. ஷீஜா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, கருப்பட்டியும் சர்க்கரைதான். கேழ்வரகும் சோறும் மாவுதான், உள்ள போனா சர்க்கரைதான். அண்ணன் கடல்ல தின்னது அத்தனையும் இனிப்புதான்."

விஜிலா டவுன் பஸ்ஸில் வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வேற்றாள் யாரும் அல்ல, அவள் கையே அவர் கண்ணை மங்கவைத்திருக்கிறது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வெளியே மட்டும் காட்டிக்கொள்ளவில்லை, அது அவள் குணம்.

ஷீஜா எழுதிக் கொடுத்த தாளில் பாதாம், வால்நட் என்று இருந்தது. தாளைப் பார்த்து விஜிலா சிரித்துவிட்டாள். ராஜா வீட்டுத் தோணியா இது? அடுத்த பயணத்துக்கு என்ன கட்டுவது என்று அவளே உட்கார்ந்து யோசித்தாள். மீனுக்குப் பஞ்சமில்லை, தூண்டில் போட்டால் சூரை கிடைக்கும். சோற்றின் இடத்தில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி. முட்டைக்கோஸ் மூன்று வாரம் தாங்கும். பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டு வதக்கினால் வயிறு நிறையும். முட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, உப்பளத்துக் கல்லுப்பு வாளிக்குள் வரிசையாகப் புதைத்தாள். சுக்கான் பிடிக்கிற நேரத்தில் கொறிக்க வறுத்த நிலக்கடலை, தூக்கிப்போடாமல் சேர்த்துவைத்த பூசணி விதை. எல்லாவற்றுக்கும் மேலே மாசி. சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த கட்டைக் கருவாடு அது. அதை இடித்து, வறுத்த தேங்காய், மிளகாய், பூண்டு சேர்த்துப் பொடித்தால் ஒரு மாதம் கெடாது. மூன்று டப்பா நிறைத்தாள்.

எதிர்வீட்டு சந்தனமாரி உரல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். மாசியே மாலத்தீவிலிருந்து வருகிற சரக்கு, அதை இடித்து மாலத்தீவுக்கே அனுப்புகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விஜிலா இடித்துக்கொண்டே இருந்தாள்.

முட்டுக்கட்டை வேறு இடத்திலிருந்து வந்தது. தோணியில் ஒன்பது பேர் ஒரே பானையைச் சுற்றி உட்காருவார்கள். தண்டல் சோற்றில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். பர்னபாஸ் தயங்கித் தயங்கி அதைச் சொன்னார்.

"நான் சோத்த ஒதுக்குனா, தண்டலுக்கு என்னமோ ஆயிட்டுன்னு பயலுவ பயந்துருவானுவ. பயந்தவன வச்சுக் கடல்ல போவ முடியுமா, விஜிலா?"

நியாயமான பேச்சுதான். மறுநாள் காலை சாமான் ஏற்ற ஆட்டோவோடு வந்த தோணிச் சமையல்காரன் சிலுவையை அவள் முற்றத்தில் நிறுத்திவைத்தாள். கோஸ் எப்படி அரிய வேண்டும், பொடிக்கு எது எவ்வளவு என்று கரண்டிக் கணக்கோடு திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"ஏலே சிலுவை, தண்டல் மொதக் கை வைக்கணும், அம்புட்டுதான மொறை? மாசிப் பொடியில வைக்கட்டும். எல்லாவனுக்கும் மொதல்ல பொடிய வையி. பொறவு சோறு திங்கவன் சோறு திங்கட்டும், கோஸ் திங்கவன் கோஸ் திங்கட்டும்."

சிலுவை தலையைச் சொறிந்தான். பிறகு, சரி மைனி, முறை கெடலையே என்றான்.

தோணி போய்ப் பதினோராம் நாள் மாலத்தீவின் மாலேயிலிருந்து பர்னபாஸ் போனில் பேசினார். பொடி தீர்ந்துவிட்டதாம். முதல் கை என்று ஆரம்பித்த பயல்கள் இரண்டாம் கை, மூன்றாம் கை என்று போய் மூன்று டப்பாவையும் வழித்துவிட்டார்களாம். விஜிலாவுக்கு வந்த கோபத்தில் மற்ற எட்டுப் பேரின் குலமும் நாறிப்போனது. இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறதே, மனுஷன் மறுபடி சோற்றில் விழுந்துவிடுவாரே என்று போனிலேயே கத்தினாள். போனை சிலுவை வாங்கினான். கவலைப்படாதிய மைனி, மாசிக்கு இங்கனயா பஞ்சம், சந்தையில வாங்கி உங்க கணக்குப்படியே இடிச்சிட்டேன் என்றான். தேங்காயும் அங்கேயே கிடைத்ததாம். இப்போது பக்கத்துத் தோணிக்காரர்களும் கிண்ணத்தோடு வருகிறார்கள் என்றான். மாசி போகிற ஊரும் மாசி ஊராக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அன்று சாயங்காலம் விஜிலா சந்தனமாரி வீட்டு வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

தோணி திரும்பியது. பர்னபாஸ் இடுப்பில் வேட்டி தளர்ந்திருந்தது. பிப்ரவரியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பிரித்த ஷீஜா முதலில் விஜிலாவைத்தான் பார்த்தாள். ஏழு புள்ளி மூன்று. டாக்டர் ஊசிப் பேச்சையே எடுக்கவில்லை. முதலாளி அன்றைக்கே போன் போட்டு அடுத்த சரக்குக்கு நாள் சொன்னார். பஸ் ஸ்டாப்பில் விஜிலா யாரும் பார்க்காதபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அடுத்த தெரு இசபெல்லா நோட்டும் பேனாவுமாக வந்தாள். அவள் புருஷனும் தண்டல், அவருக்கும் சர்க்கரை. கடலுக்கு என்ன கட்டிக்கொடுக்க, அக்கா, என்று கேட்டாள். விஜிலா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எழுதிக்கோ. மொதல்ல, கருப்பட்டி கிடையாது. நான் போட்டேன், தப்பாப் போச்சு."

கட்டிலில் உட்கார்ந்து இனிப்பில்லாக் காப்பி குடித்துக்கொண்டிருந்த பர்னபாஸ் டம்ளரை இறக்கிவிட்டு அவளையே பார்த்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம்.

"என்ன பாக்கிய? காப்பியக் குடிங்க," என்றாள் விஜிலா. பிறகு இசபெல்லாவிடம், "ரெண்டாவது, மாசி" என்றாள்.